ஜெபத்தில் தொடங்கிய லத்தீன்

கத்தோலிக்கப் பள்ளியில் படித்த எனக்கு லத்தீன் முதலில் காது வழியாகத்தான் வந்தது. சிற்றாலயத்தில் தினமும் காலையில் 'குளோரியா பாத்ரி, எத் ஃபீலியோ, எத் ஸ்பீரித்துயி சாங்க்தோ' என்று பொருள் தெரியாமலே பாடுவோம். பாடமாக வந்தபோது ஆறு வேற்றுமை, பெயர்ச்சொல்லுக்கு ஐந்து வாய்பாடு (ஈறு மாறும் முறை) என்று அட்டவணைகள். மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் கை ஓடாது.

ஒருநாள் ஃபாதர் அந்த ஜெப வரியைக் கரும்பலகையில் எழுதி, அதன் கீழே 'பிதாவுக்கும் சுதனுக்கும் பரிசுத்த ஆவிக்கும்' என்று தமிழில் எழுதினார். நமக்கு 'கு' என்ற ஒரே உருபு. அங்கே பாத்ரி, ஃபீலியோ, ஸ்பீரித்துயி என்று மூன்று பெயருக்கு மூன்று ஈறு. தமிழ்க் கணக்கில் சொன்னால் மூன்றும் நான்காம் வேற்றுமைதான். வாய்பாடுதான் வேறு வேறு. அப்புறம் 'பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே' என்ற சிலுவை அடையாள ஜெபத்தை லத்தீனில் எழுதினார். அதே பெயர்கள் பாத்ரிஸ், ஃபீலியீ, ஸ்பீரித்துஸ் என்று ஆறாம் வேற்றுமையில் நின்றன. அத்தனை வருடம் வாயில் இருந்த வரிக்குள் இலக்கணம் இருந்ததைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

லத்தீன் தொடங்கும் தமிழ் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போகாதீர்கள். ஆங்கிலேய மாணவர்களுக்கான நூல்கள் 'முதலில் வினையைத் தேடு' என்று சொல்லும். நமக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. 'மாத்தெர் ஃபீலியம் வோக்கத்' என்பது அப்படியே 'தாய் மகளை அழைக்கிறாள்'. சொல் வரிசையும் அதே, வினை கடைசியில். 'வோக்கோ' என்றாலே 'அழைக்கிறேன்'. 'நான்' தனியாக வேண்டாம்.

சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. நம் 'ஐ' எங்கே வந்தாலும் இரண்டாம் வேற்றுமை. லத்தீனில் 'ரோசே' என்ற ஒரே வடிவம் ரோஜாவின், ரோஜாவுக்கு, ரோஜாக்கள் என எதுவாகவும் இருக்கலாம். பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பெயரடையும் பெயரோடு சேர்ந்து மாறும். தமிழில் 'நல்ல' எப்போதும் 'நல்ல'தான் என்பதால், இது பழக எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

தேர்வில் நான் கோட்டைவிட்டது ஒரு சின்ன விஷயத்தில். 'மீலித்தெம்' என்ற சொல் வந்தது. அகராதியில் 'மீலித்' என்று தேடினேன், கிடைக்கவில்லை. அது 'மீலெஸ்' என்ற சொல்லின் கீழே இருக்கிறது. வீரன் என்று பொருள். எழுவாய் வடிவத்தை மட்டும் படித்ததன் விளைவு. அதனால் 'மீலெஸ், மீலித்திஸ்' என்று ஆறாம் வேற்றுமையையும் சேர்த்தே படியுங்கள். சொல்லின் அடி அதில்தான் தெரியும்.

உச்சரிப்பு இரண்டு உண்டு. ஒரு ரோமானியப் பேச்சாளரின் பெயர் திருச்சபை வழக்கில் 'சிச்செரோ', பழைய ரோமானிய முறையில் 'கிகெரோ'. உங்கள் ஆசிரியர் எதைச் சொல்கிறாரோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

வாசிக்கத் தொடங்க லத்தீன் விவிலியத்தின் யோவான் நற்செய்தி நல்லது. முதல் வசனத்திலேயே 'அபுத் தேயும்', 'தேயுஸ்' இரண்டும் வருகின்றன: கடவுளோடு, கடவுள். தமிழ் விவிலியத்தை மூடிவைத்து ஐந்து வசனம் நீங்களே எழுதிப் பாருங்கள். அப்புறம் திறந்து ஒப்பிடுங்கள். சீசரின் நீண்ட வாக்கியங்களை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.