செவ்வாய்க்கிழமைக் கிளினிக்

எங்கள் ஊர்ப் பிரதேச வைத்தியசாலையில் செவ்வாய்க்கிழமை தோறும் சலரோகம், பிறசர், இதய வருத்தம் மூன்றுக்கும் ஒரே கிளினிக்தான் நடக்கிறது. காலை ஆறரை மணிக்கே வேப்பமரத்தடி வாங்குகள் நிறைந்துவிடும். வெறுவயிற்றோடு வந்தவர்கள் இரத்தம் கொடுத்துவிட்டு, கையோடு கொண்டுவந்த இடியப்பத்தைப் பிரித்துச் சாப்பிட்டு, தங்கள் இலக்கம் அழைக்கப்படும் வரை காத்திருப்பார்கள். என் அம்மா 14 ஆண்டுகளாக அந்த வாங்கில் அமர்ந்து வருகிறார். ஆளணி போதாமையால்தான் மூன்று வருத்தத்தையும் ஒன்றாகப் பார்க்கிறார்கள் என்று முன்பு எண்ணியிருந்தேன். அவற்றை ஒன்றாகப் பார்ப்பதே முறை என்பதைச் சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு காலைப்பொழுது எனக்கு உணர்த்தியது.

அன்று அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவர், விளக்குமாற்றைப் போட்டுவிட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். உடம்பெல்லாம் வியர்த்திருந்தது, ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். "நெஞ்சு நோகேல்லை பிள்ளை, வாய்வு போலக் கிடக்கு" என்றார். பக்கத்து வீட்டு மாமி உள்ளியும் மிளகும் தட்டிப்போட்டு இரசம் வைத்துத் தருவதாகச் சொன்னார். நோவே இல்லை என்று அவர் சொல்லும்போது மாரடைப்பு என்ற எண்ணம் எவருக்கு வரும்? ஆயினும் வியர்வை நிற்காததால் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனேன்.

அங்கே எல்லோரும் மிஸி என்று அழைக்கும் மூத்த தாதி அம்மாவைக் கண்டதும் முதலில் விரலில் குத்திச் சீனியின் அளவைப் பார்த்தார். சலரோகக்காரருக்குத் திடீரென வியர்த்தால், சீனி அளவுக்கு மீறிக் குறைந்திருக்கலாம். அப்படியானால் உடனே சீனித் தண்ணீர் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு 142 இருந்தது. சீனி குறையவில்லை என்று தெரிந்த கணமே, வேறு கேள்வி எதுவும் கேட்காமல், கட்டிலில் கிடத்தி ஈசிஜி எடுத்தார். பல ஆண்டுகளாகக் கட்டுப்பாட்டுக்கு வெளியே நிற்கும் சலரோகம் நரம்புகளைப் பழுதாக்கும் என்பதையும், நெஞ்சு நோவை உணர்த்தும் நரம்புகளும் அவற்றுள் அடங்கும் என்பதையும், அதனால் இத்தகைய நோயாளருக்கு மாரடைப்பு வெறும் களைப்பாகவோ, ஓங்காளமாகவோ, மூச்சிளைப்பாகவோ மட்டும் வந்து போகக்கூடும் என்பதையும் பின்னர் அவரே எனக்கு விளக்கினார்.

அம்மாவின் கிளினிக் கொப்பியின் பின்னட்டையில், முந்திய ஆண்டு எடுத்த ஈசிஜி மடித்து ஒட்டப்பட்டிருந்தது. மருத்துவர் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தார். புதிய கோடுகளில் இருந்த மாற்றம் பழையதில் இல்லை. ஆகவே அது அன்று தொடங்கியது என்று உறுதியாயிற்று. 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பி விழுங்கச் சொன்னார்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தும் கொடுத்தார்கள். இலங்கையின் வடக்கில் 2018 ஆம் ஆண்டு முதல் ஓடும், 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது, போதனா வைத்தியசாலைக்குத் தொலைபேசியில் எல்லா விபரமும் சொல்லப்பட்டிருந்தது. அங்கே இதயக் குழாயில் அடைப்பு இருப்பது கண்டறியப்பட்டு, குழாயைத் திறந்து வைத்திருக்கும் ஸ்ரென்ற் என்ற சிறு வலைக்குழாய் வைக்கப்பட்டது. அந்த வேலையைச் சிறிய வைத்தியசாலையில் செய்ய இயலாது. ஆனால் அந்தக் கொப்பி பெரிய வைத்தியசாலையில் இருந்திருக்காது. மிஸிக்கு அம்மாவைத் தெரிந்திருந்ததைப் போல அங்கே எவருக்கும் தெரிந்திருக்காது. வசதியுள்ள பலர் ஊர் வைத்தியசாலையைத் தாண்டி நகரத்துக்குப் போவதையே பெருமையாக நினைப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

இப்போது அம்மா மீண்டும் செவ்வாய்க்கிழமை வாங்குக்கு வந்துவிட்டார். மாத்திரையோடு இன்சுலினும் சேர்ந்திருக்கிறது. மின்சாரமே இல்லாத 1990களில் என் அம்மம்மா தன் இன்சுலின் போத்தலைத் தண்ணீர் தெளித்த மண்முட்டிக்குள் வைத்துக் காத்தவர். குளிர்சாதனப்பெட்டி இல்லாத வீடுகளுக்கு மிஸி இன்றும் அதே முறையைத்தான் சொல்லிக்கொடுக்கிறார். பெட்டி உள்ளவர்களிடம் மருந்தை உறையும் தட்டில் வைக்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

உணவைப் பற்றிய பேச்சும் எங்கள் அடுப்படியில் இருந்தே தொடங்குகிறது. குரக்கன் புட்டு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம், பனங்கட்டி சீனியைப் போல் அல்ல என்ற நம்பிக்கைகள் இங்கே ஆழ வேரூன்றியவை. குரக்கனும் மாப்பொருள்தான், பனங்கட்டியும் இனிப்புத்தான் என்று எவரும் மனம் நோகாதபடி எடுத்துச் சொல்வதற்கு ஊர்ச் சமையலை அறிந்த ஒருவர் வேண்டும். மோர்மிளகாய், கருவாடு, ஊறுகாய் ஆகியவற்றின் உப்பு பிறசரை ஏற்றும் என்பதை அம்மா ஏற்றுக்கொள்ளவே பல மாதங்கள் சென்றன.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முந்திய கிளினிக்கில் எல்லோருடைய பாதங்களையும் பார்க்கிறார்கள். மெல்லிய நைலோன் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, கண்ணை மூடியிருக்கும் நோயாளிக்குத் தொடுகை தெரிகிறதா என்று கேட்கிறார்கள். 25 நாள் திருவிழாவில் வெயிலேறிய மணலில் வெறுங்காலுடன் நடப்பவருக்கு, உணர்வு மங்கிய காலில் கொப்புளம் போட்டாலும் தெரியாது. தெரியவரும்போது அது ஆறாத புண்ணாகியிருக்கும். போக வேண்டாம் என்று மிஸி எவரிடமும் சொல்வதில்லை. வெயில் ஏறுமுன் போய்வரும்படியும், வந்தவுடன் காலைக் கழுவித் துடைத்து விரலிடுக்கு வரை பார்க்கும்படியும் சொல்கிறார். கந்தசஷ்டி விரதம் பிடிப்பவர்கள் முன்கூட்டியே வந்து இன்சுலின் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதும் இங்கே வழக்கமாகிவிட்டது.

இங்குள்ள இளம் மருத்துவருக்குத் தாய்மொழி சிங்களம். விறைப்பு, எரிவு, இளைப்பு, தலைச்சுற்று என்ற சொற்களைத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்துக் கற்றுக்கொண்டவர் அவர். 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீனை அவரைக் காணும்போது நினைத்துக்கொள்வேன். நோயாளியின் சொல்லிலேயே நோயைக் கேட்கும் பழக்கம் இந்த மண்ணில் பழையது.

குறைகளும் உண்டு. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் பல மருந்துகளை வெளியில் வாங்க வேண்டியிருந்தது. வாங்க முடியாதவர்கள் இரண்டு நாளுக்கு ஒரு மாத்திரை என்று இழுத்தார்கள். இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு இரத்தத்தை இன்னும் வெளியில்தான் அனுப்புகிறார்கள். எனக்கு இவற்றிலும் பெரிதாகத் தெரிவது, அந்த வாங்குகளில் ஆண்கள் மிகக் குறைவாக இருப்பதுதான். விடியுமுன் கடலுக்குப் போனவரும், ஒருநாள் கூலியை இழக்க முடியாத மேசனும் செவ்வாய்க்கிழமை காலையில் எப்படி வருவார்கள்? மாதத்தில் ஒரு மாலையிலேனும் கிளினிக் நடத்தும்படி நோயாளர் நலன்புரிச் சங்கத்தின் ஊடாகக் கடிதம் கொடுத்திருக்கிறோம்.

என் சித்தப்பா மேசன். வயது 52. இரவில் நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழும்புகிறார், ஆனால் தனக்கு ஒன்றுமில்லை என்கிறார். அவரிடம் கொப்பியும் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஈசிஜியும் இல்லை. அம்மா இரண்டு வாரம் விடாமல் சொன்னதில், வருகிற செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகாமல் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வெறுவயிற்றோடு இருக்கச் சொல்லியிருக்கிறேன்; ஆறு மணிக்கு நானே போய் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருவேன்.