என்ன சாப்பிட்டீங்க, அப்பா?

நான் தாதியாக இருப்பது டயலிசிஸ் யூனிட்டில், சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்யும் இடம். முதல் ஷிஃப்ட் ஆட்கள் காலை ஆறரைக்கே வெளி வாங்கில் வந்து குந்திவிடுவார்கள். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கம், படுவான்கரையிலிருந்து வருகிறவர்கள் விடியமுன்னமே புறப்பட்டிருப்பார்கள். இப்போது மண்முனையில் பாலம் இருக்கிறது. 2014க்கு முன் என்றால் துறையில் பாதைக்கு (மிதவைப் படகுக்கு) காத்து நின்றுதான் வாவியைக் கடந்திருக்க வேண்டும்.

உள்ளே வந்ததும் முதல் வேலை எடை பார்ப்பது. சலம் (சிறுநீர்) போகாத உடம்பில் குடித்த தண்ணீர் அப்படியே நிற்கும், ஒரு லீட்டருக்கு ஒரு கிலோ. மேலதிக தண்ணீர் இல்லாதபோது ஒருவருக்கு இருக்க வேண்டிய எடையை ‘ட்ரை வெயிட்’ என்போம். வந்த எடையில் அதைக் கழித்தால் அன்றைக்கு மெஷினில் எவ்வளவு இழுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். கழித்தல் கணக்கு, அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன்.

எங்கள் வேலையில் எல்லாமே தண்ணீர்தான். ஃபில்டருக்குள் முடி போன்ற குழாய்களில் இரத்தம் ஓட, வெளிப்புறமாக நிமிடத்துக்கு 500 மில்லிலீட்டர் திரவம் ஓடும். நான்கு மணி நேரத்துக்கு 120 லீட்டர், ஒரே ஆளுக்கு! அந்தத் தண்ணீரைக் குழாயிலிருந்து நேரே எடுக்கவும் முடியாது. குளோரின் நீக்காமல் விட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும். சுற்றிவர வாவியும் கடலும் உள்ள ஊரில் தண்ணீரைப் பார்த்துப் பயப்படப் பழகியது இந்த யூனிட்டில்தான்.

கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் இருந்து ஒரு வயல்காரர் வருவார். சீனி வருத்தத்தில் சிறுநீரகம் போனவர். ஊசி போடமுன் அவர் ஃபிஸ்டுலாவில், அதாவது மெஷினுக்கு இரத்தம் எடுக்கக் கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்துத் தைத்த இடத்தில், விரல் வைத்துப் பார்ப்பேன். தையல் மெஷின் ஓடும்போது மேசையில் கை வைத்தால் ஒரு அதிர்வு வருமே, அதேதான். அது இருந்தால் கை ஓடுகிறது. இல்லையென்றால் அன்றைக்கு எல்லாமே குழப்பம். அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடமாட்டார், மூட்டை தூக்கமாட்டார். நல்ல நோயாளி.

ஒரு பெரும்போக அறுவடைக்குப் பிறகு அவர் எடை ஏறத் தொடங்கியது. மூன்று கிலோ, மூன்றரை, அடுத்த முறை நாலு.

“தண்ணி குடிக்காதீங்க எண்டு எத்தனை தரம் சொல்லுறது?”

“குடிக்கல்ல மகள். இப்ப நல்லாச் சாப்பிடுறன், அவ்வளவுதான்.”

எல்லோரும் சொல்வதுதானே என்று விட்டுவிட்டேன். கருவாட்டையும் ஊறுகாயையும் குறைத்தால் தாகம் தானாக அடங்கும் என்று வழக்கமான பாடத்தையும் ஒப்பித்தேன். (அந்தப் பாடம் சரிதான். உப்பை விடாமல் தண்ணீரை மட்டும் விடு என்றால் யாரால் முடியும்?)

மூன்றாவது மணித்தியாலத்தில் கொட்டாவி விட்டார். கொட்டாவியை நாங்கள் லேசாக எடுப்பதில்லை. திரும்பிப் பார்க்கிறேன், நெற்றி வேர்த்துவிட்டது. கெண்டைக்கால் கல்லாக இறுகி, “பிடிச்சிட்டு, பிடிச்சிட்டு” என்று கத்துகிறார். பிரஷர் 80/50. தண்ணீர் இழுப்பதை நிறுத்தி, தலையைப் பதித்து, காலை உயர்த்தி, சேலைன் விட்டோம். பத்து நிமிடத்தில் ஆள் சரி. எனக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை.

வெளியில் அவர் மனைவியிடம் கேட்டேன். “புது நெல்லுச் சோறு மகள். எத்தனை மாசத்துக்குப் பிறகு இப்பதான் வாய்க்குப் பிடிச்சுத் தின்னுறார்” என்றார், சந்தோஷமாக.

ஏறியதில் ஒரு பங்கு தண்ணீரே இல்லை, சதை. பழைய ட்ரை வெயிட்டை வைத்துக்கொண்டு, அவர் உடம்பில் இல்லாத தண்ணீரை நான் இழுத்திருக்கிறேன். அவரோ காரணத்தை வாய் திறந்து சொல்லியும் இருந்தார். அதை நான் சாக்காக எடுத்தேன், நோய்க்குறிப்பாக எடுக்கவில்லை. டொக்டர் பரிசோதித்து ட்ரை வெயிட்டை ஒன்றரைக் கிலோ உயர்த்தினார். அதற்குப் பிறகு கால் பிடிக்கவில்லை. என்மேல் அவருக்குக் கோபமும் இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதிலிருந்து எடையை எழுதமுன் சாப்பாட்டைக் கேட்பது பழக்கமாகிவிட்டது. சோறா, கஞ்சியா, யார் சமைத்தது, எத்தனை பிடி. நேரம் இழுபடும், அடுத்த ஷிஃப்ட் கதவடியில் நிற்கும். சக தாதி ஒருவர் “கலியாணப் பேச்சா?” என்று பகிடி பண்ணுவார்.

போன மாதம் அதே வயல்காரர் வந்தபோது ட்ரை வெயிட்டைவிட அரைக் கிலோதான் கூட. “பாருங்க, ஐயா எவ்வளவு கட்டுப்பாடு” என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

“என்ன சாப்பிட்டீங்க, அப்பா?”

“வாய்க்கு ஒண்டும் பிடிக்குதில்ல மகள். மூண்டு கிழமையாச்சு.”

குனிந்து கணுக்காலுக்கு மேல் பெருவிரலை அழுத்தி எடுத்தேன். விழுந்த குழி அப்படியே நின்றது. சதை போன இடத்தில் தண்ணீர். டொக்டருக்கு ஃபோன் எடுத்தேன்.