அப்பா தோணி ஏறிய கரை

நாகப்பட்டினத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையோடு நேராகக் கடற்கரைக்கு நடந்தேன். சட்டைப்பையில் அப்பாவின் சிவப்பு அடையாள அட்டை இருந்தது; மலேசியாவில் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரும் அட்டை.

1950இல், மலாயாவின் (இன்றைய மலேசியா) குடிநுழைவு விதிகள் இறுகுவதற்கு முன்பே, 17 வயதில் அப்பா இங்கிருந்து ‘ரஜூலா’ கப்பலில் பினாங்குக்குப் போனார். “தோணி ஏறி வந்தேன்” என்றுதான் எப்போதும் சொல்வார். கப்பலைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் அந்தக் காலத்தில் கப்பல் எங்கே நிற்கும் என்று கேட்டேன். வெறுங்கடலைக் காட்டினார். “கரைக்கு வராது தம்பி. ஆழம் பற்றாது. தோணியில் போய், ஆட்டத்திலேயே ஏணியைப் பிடித்து ஏற வேண்டும்.”

கடலையே பார்த்திராத பையன் அப்பா. நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

மலாயாவின் கெடா மாநிலத்தில் ரப்பர் தோட்டம். இருட்டிலேயே பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு, பிறகு மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால் வெட்டு. நகக்கண்ணில் ஒட்டுப்பால், அதாவது உறைந்த ரப்பர் பால், கறுத்துக் கிடக்கும். ஊரில் இருந்த இரண்டு அத்தைகளின் கல்யாணமும் அந்தக் கையில்தான் நடந்தது. பாட்டி இறந்த கடிதம், காரியம் எல்லாம் முடிந்த பிறகு வந்தது. அப்பா மறுநாளும் பால் வெட்டப் போனார். அதற்காக அவர்மேல் எனக்கு வெகுகாலம் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தை நினைத்தால் இப்போது நெஞ்சு கனக்கிறது.

1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. எங்கள் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், பல குடும்பங்கள் ஊர் திரும்பப் பெட்டி கட்டின. நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. “இவன் படிப்பு முடியட்டும்” என்று அப்பா தங்கிவிட்டார். பெர்மிட்டுக்கு அலைந்த நாட்களில் கூலி கிடையாது.

அட்டையைப் பெரியவரிடம் காட்டினேன். புகைப்படத்தைவிட அதிலிருந்த கட்டைவிரல் ரேகையைத்தான் அவர் உற்றுப் பார்த்தார். ரேகைக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. பால் வெட்டும் கத்தி கிழித்த தழும்பு அது.

“விடியற்காலையில் என் மகன் படகு எடுப்பான். வருகிறீர்களா?” என்றார்.

போனேன். அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கரையில் நின்ற மனிதர்கள் முதலில் மறைந்தார்கள், பிறகு படகுகள். கலங்கரை விளக்கம் மட்டும் வெகுநேரம் தெரிந்தது. அப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டே போயிருப்பார்.