முகப்பை விடுங்கள், சாறிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்

ஒரு ஒன்லைன் உடுப்புக் கடையின் இணையத்தளத்தை ஆய்வு செய்யச் சொன்னால் பெரும்பாலானோர் முதலில் முகப்புப் பக்கத்தைத்தான் திறக்கிறார்கள். பனர் அழகாக ஓடுகிறதா, நிறங்கள் பொருந்துகின்றனவா என்று பார்த்து மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். ஆனால் வாங்குகிறவர்களில் பலர் அந்தப் பக்கத்தைக் காண்பதே இல்லை. பேஸ்புக்கில் ஒரு சாறிப் படம் கண்ணில் படுகிறது, அல்லது மச்சாள் வட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்புகிறா. தொட்டதும் நேரே அந்தச் சாறியின் பக்கம்தான் திறக்கும். திருகோணமலைப் பக்கம் கிண்ணியாவிலோ மூதூரிலோ நிலாவெளியிலோ இருக்கும் ஒருவருக்குக் கடை என்பது அந்த ஒரு பக்கமும், அதற்குப் பிறகு வரும் ஓடர் படிவமும்தான். ஆய்வை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

சோதனைக்குக் கடைக்காரரின் மடிக்கணினியும் பைபர் இணைப்பும் உதவாது. 3 அல்லது 4 ஜிபி ரம் உள்ள சாதாரண அண்ட்ரொயிட் போன் ஒன்றை எடுத்து, வைபையை நிறுத்திவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். ஏற்கனவே போன தளமென்றால் படங்களும் கோப்புகளும் போனிலேயே சேமிக்கப்பட்டிருக்கும், உண்மையான வேகம் தெரியாது. எனவே குரோமில் இன்கொக்னிட்டோ பக்கத்தில் திறவுங்கள். பிறகு அதே லிங்கை பேஸ்புக் செயலிக்குள்ளிருந்தும் திறவுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பேஸ்புக்கும் இன்ஸ்டகிராமும் லிங்கைத் தமது சொந்த உலாவியில் திறக்கின்றன. தளம் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகளான குக்கிகள் அதற்கு வேறு, குரோமுக்கு வேறு. அங்கே கூடையில் போட்ட உடுப்பு குரோமுக்குப் போனால் இருக்காது; குரோமில் சேமித்த முகவரியும் அங்கே தானாக நிரம்பாது. லொகின் செய்தால்தான் வாங்கலாம் என்று வைத்திருக்கும் கடை இந்த இடத்திலேயே ஆளை இழக்கிறது.

இனி எண்கள். பக்க வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் தளத்தில் பொருள் பக்கத்தின் லிங்கைக் கொடுத்தால் இரண்டு பகுதிகள் வரும். மேலே இருப்பது கடந்த 28 நாட்களில் உண்மையான குரோம் பாவனையாளர்களிடமிருந்து திரட்டிய அளவு. கீழே இருப்பது அந்த நேரத்தில் செய்த சோதனை. சிறு கடைகளுக்கு வருகை போதாமல் மேல்பகுதி வெறுமையாக இருக்கலாம். அப்போது கீழ்ச்சோதனையை ஐந்து முறை ஓட்டி நடுவில் நிற்கும் பெறுமதியை எடுங்கள். ஒரே ஓட்டத்தை நம்ப முடியாது. பார்க்க வேண்டியவை மூன்று. திரையின் மிகப் பெரிய படம் அல்லது எழுத்துத் தோன்றும் நேரமான எல்சிபி, 2.5 விநாடிக்குள் இருக்க வேண்டும். 4 விநாடியைத் தாண்டினால் மோசம். தொட்ட பிறகு திரை பதிலளிக்கும் நேரமான ஐஎன்பி, 200 மில்லிவிநாடிக்குள் வர வேண்டும். 2024 மார்ச்சில், முதல் தொடுகையின் தாமதத்தை மட்டும் அளந்த பழைய எஃப்ஐடியின் இடத்துக்கு வந்த அளவு இது. பக்கம் துள்ளி நகர்வதைக் குறிக்கும் சிஎல்எஸ், 0.1க்கு மேல் போகக் கூடாது. நாலில் மூன்று வருகைகளாவது இந்த எல்லைக்குள் நின்றால்தான் கூகுள் அதை நல்லது என்கிறது. கீழ்ச்சோதனையில் ஐஎன்பி வராது, ஏனென்றால் அங்கே யாரும் திரையைத் தொடுவதில்லை. சைஸ் பட்டனையும் நிறப் புள்ளிகளையும் நீங்களே அடுத்தடுத்துத் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டு அரை விநாடி கழித்து நிறம் மாறினால், மக்கள் இரண்டாம் தரமும் தொடுவார்கள். தேர்வு தவறிப் போகும்.

மொபைல் சோதனைக்கு அந்தக் கருவி விநாடிக்கு 1.6 மெகாபிட் வேகமுள்ள ஒரு மெதுவான இணைப்பைப் பாவனை செய்கிறது. 3 மெகாபைட் பக்கம் என்றால் 24 மெகாபிட். அந்த வேகத்தில் முழுவதும் இறங்க 15 விநாடி. பண்டிகைக் காலத்து இரவில், எல்லோரும் ஒரே நேரத்தில் போனும் கையுமாக இருக்கும்போது, இது கற்பனை வேகம் அல்ல.

பக்கம் இறங்கத் தொடங்குவதற்கு முன்னரே நேரம் கரையும் இடம் ஒன்று உண்டு: பக்கத்தை அனுப்பும் கணினியான சேர்வர் இருக்கும் தூரம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 200,000 கிலோமீற்றர்தான் ஓடும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,700 கிலோமீற்றர், போய்வரக் குறைந்தது 27 மில்லிவிநாடி. அமெரிக்காவின் கிழக்குக் கரை சுமார் 14,000 கிலோமீற்றர். நேர்கோட்டில் போனாலே 140 மில்லிவிநாடி. கேபிள் சுற்றிப் போவதால் 200ஐத் தாண்டும். இணைப்பை ஏற்படுத்த ஒரு போய்வரல், பாதுகாப்பு உறுதிக்கு ஒன்று, பக்கத்தைக் கேட்க ஒன்று என மூன்று முறை போய்வந்தால் 600 மில்லிவிநாடி போய்விடும். முதல் பைட் வர 800 மில்லிவிநாடிதான் நல்ல எல்லை. மீதி 200க்குள் சேர்வர் பக்கத்தைத் தயாரிக்க வேண்டும். ஒரே சேர்வரைப் பல தளங்கள் பகிரும் மலிவான ஷெயார்ட் ஹோஸ்டிங்கில், பக்கத்தைச் சேமித்து வைக்கும் கேஷ் இல்லாமல் ஓடும் வூகொமர்ஸ் (வேர்ட்பிரஸ் தளத்தைக் கடையாக்கும் மென்பொருள்) கடைக்கு அது நடக்காத காரியம். சிங்கப்பூர் அல்லது மும்பை சேர்வருக்கு மாறுவதும், கேஷ் போடுவதும், கோப்புகளின் பிரதியை வாங்குபவருக்குக் கிட்ட வைத்துக் கொடுக்கும் சிடிஎன் ஒன்றை முன்னால் வைப்பதும் ஒரே நாளில் முடியும் வேலைகள்.

எனினும் உடுப்புக் கடையின் உயிர் படங்களில்தான் இருக்கிறது. திருகோணமலை என்.சி. வீதிக் கடைக்குப் போனால் சாறியைத் தொட்டுப் பார்ப்போம், முந்தானையை விரித்துப் பார்ப்போம், வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்போம். திரையில் இவை எல்லாவற்றையும் படம்தான் செய்ய வேண்டும். அதனால் படத்தின் எடையைக் குறைக்க வேண்டும் என்ற பொதுவான அறிவுரையை உடுப்புக் கடைக்கு அப்படியே போட்டால் வேகம் கூடும், விற்பனை குறையும்.

போனில் எடுத்த படம் 4000 பிக்சல் அகலத்தில் 3 முதல் 5 மெகாபைட் வரை இருக்கும். அதை அப்படியே ஏற்றிவிட்டு, பக்கத்தில் சிறிதாக்கிக் காட்டுவதுதான் மிகச் சாதாரணமாகக் காணும் பிழை. போன் திரைக்கு 800 முதல் 1200 பிக்சல் அகலம் போதும். முதல் படம் 100 கிலோபைட்டை ஒட்டி நிற்கட்டும். பெரிதாக்கிப் பார்க்கும் 2000 பிக்சல் படம், ஆள் தொட்ட பிறகு மட்டும் இறங்க வேண்டும். கீழே உள்ள படங்களுக்கு, ஆள் அங்கே வரும்போதுதான் படத்தை இறக்கும் லேசி லோடிங் நல்லது. ஆனால் தளத்தில் சேர்க்கும் பல பிளகின்கள் முதல் படத்துக்கும் அதைப் போட்டுவிடுகின்றன. அப்போது உலாவி அந்தப் படத்தைப் பிந்தித்தான் கேட்கும், எல்சிபி நேரம் நீளும். முதல் படத்திலிருந்து அதை எடுத்துவிட்டு முன்னுரிமையைக் கூட்டுங்கள். எல்லாப் படங்களுக்கும் அகலமும் உயரமும் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எழுதாவிட்டால் படம் வந்து சேரும்போது கீழே உள்ளவை தள்ளப்படும். ‘எம்’ சைஸைத் தொடப் போன விரல் ‘எக்ஸ்எல்’லில் விழும்.

நிறம் அடுத்த சிக்கல். ஐபோன் போன்றவை டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற நிறவெளியில் படம் எடுக்கின்றன. படத்தைச் சுருக்கும் சில கருவிகள் அந்த நிறக்குறிப்பை நீக்கிவிடுகின்றன, ஆனால் நிறங்களை மாற்றுவதில்லை. விளைவாகப் படம் மங்கும்; செக்கச் சிவந்த கூறைச்சாறி செங்கல் நிறமாகத் தெரியும். முதலில் இணையத்தின் வழமையான நிறவெளியான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, அதன் பிறகுதான் சுருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: கடையிடம் மூலப்படத்தைக் கேட்டு வாங்கி, தளத்துப் படத்துக்குப் பக்கத்தில் ஒரே திரையில் வைத்துப் பாருங்கள்.

கரையும் சரிகையும் உள்ள துணிக்கு இன்னொன்றும் உண்டு. இணையப் படங்களைச் சுருக்கும் வழமையான வெப்பி முறை, வெளிச்ச விவரத்தை முழு அளவில் சேமித்து, நிற விவரத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கிவிடும். முகத்துக்கும் கடற்கரைக்கும் அது கண்ணில் படாது. பச்சை உடலில் மெல்லிய சிவப்புக் கோடு ஓடும் கரையில் நிறம் கசிந்து கலங்கும். தரத்தை 75இலிருந்து 95க்கு உயர்த்தினாலும் அது தீராது, ஏனென்றால் இழப்பு தரத்தில் இல்லை, முறையிலேயே இருக்கிறது. கரையின் கிட்டப் படத்தை மட்டும் நிற விவரத்தைக் குறைக்காத ஜேபெக்காக வையுங்கள், அல்லது இன்னும் கிட்டப் போய் ஒரு நூல் பல பிக்சல்களில் விழும்படி எடுங்கள். கட்டம்போட்ட சாரங்களைச் சிறிதாக்கும்போது அலையலையாக ஒரு பொய்க்கோலம் தோன்றும். அதற்கும் கிட்டப் படமே மருந்து.

எழுத்துப் பக்கம் வருவோம். ஆங்கிலத்துக்கு வடிவமைத்த பக்கத்தில் வரி உயரம் 1.2 என்று இருக்கும். தமிழில் மேலே ஈகார விசிறியும் கீழே ஊகாரக் காலும் ஒன்றோடொன்று முட்டும், 1.5க்குக் குறைய வேண்டாம். பட்டனுக்கு நிலையான உயரம் கொடுத்திருந்தால் ‘கூடையில் சேர்க்க’ இரண்டு வரியாகி வெட்டுப்படும். எழுத்துருவில் இரண்டு கனம் போதும். வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளையில் வைப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. உட்துறைமுக வீதி வெயிலில் நின்று பாருங்கள், விலை கூடத் தெரியாது. பின்னணிக்கும் எழுத்துக்கும் இடையே 4.5க்கு 1 என்ற வேறுபாடாவது வேண்டும்.

பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட விளக்கத்தை வேர்ட் கோப்பிலிருந்து ஒட்டிய கடைகள் இன்னும் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத போனில் அது ஆங்கில எழுத்துகளின் குப்பையாக வரும். கூகுளும் அதைத் தமிழாக வாசிக்காது. யுனிகோட்டுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். யுனிகோட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘கொட்டன்’ என்பதன் முதல் எழுத்தில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பும் காலும் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தேடல் பெட்டிக்கு வெவ்வேறு. தேடும் சொல்லையும் பொருளின் பெயரையும் யுனிகோட்டின் என்எஃப்சி முறையில் ஒருசீராக்கினால் இது தீரும். சாறி, சாரி, சேலை மூன்றையும், ஆங்கில எழுத்தில் எழுதியதையும் தேடிப் பாருங்கள். ஒரே முடிவு வர வேண்டும்.

சைஸ் அட்டவணை படமாக இருந்தால் போனில் வாசிக்க முடியாது, எழுத்தாகவே வேண்டும். அதில் உள்ளது உடம்பின் அளவா துணியின் அளவா என்று சொல்லாத கடையே அதிகம். சேட் ஒன்றின் மார்பு 40 அங்குலம் என்றால், போடுகிறவரின் மார்பு அதைவிட மூன்று நாலு அங்குலம் குறைவாக இருந்தால்தான் வசதியாக இருக்கும். சாறிக்கு நீளமும் பிளவுஸ் துண்டு சேர்த்தா என்பதும், வேட்டிக்கு நாலு முழமா எட்டு முழமா என்பதும், அபாயாவுக்குத் தோளிலிருந்து நீளமும் எழுதப்பட வேண்டும்.

கடைசியில் ஓடர் படிவம். உண்மையாகவே ஒரு ஓடர் போட்டுத்தான் இதைச் சோதிக்க முடியும். 07இல் தொடங்கும் பத்து இலக்கத்தை அப்படியே ஏற்கிறதா, அல்லது +94ஐ முன்னால் ஒட்டி நடுவில் பூச்சியத்தையும் நீக்காமல் வைத்து எண்ணைக் கெடுக்கிறதா? நம்பர் பெட்டியைத் தொட்டால் எண் விசைப்பலகை வருகிறதா? தபால் குறியீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறார்களா? திருகோணமலை நகரத்துக்கு 31000 என்பது கூடப் பலருக்கு நினைவில் இராது. வீட்டிலக்கம் இல்லாத ஊர்களுக்கு ‘கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது ஒழுங்கை’ என்று எழுத ஒரு பெட்டி வேண்டும். கூரியர்காரர் வீட்டைக் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். வெருகலுக்கோ குச்சவெளிக்கோ டெலிவரி உண்டா, எத்தனை ரூபா என்பது பொருள் பக்கத்திலேயே தெரிய வேண்டும், கடைசிப் படியில் அல்ல. காசு கொடுத்துப் பார்சலை எடுக்கும் வசதி எந்தப் பிரதேசங்களுக்கு என்பதும் அங்கேயே.

அட்டையில் கட்டும்போது ஓடிபி பார்க்க ஆள் குறுஞ்செய்திக்குப் போவார். ரம் குறைந்த போனில் பேஸ்புக் உலாவி அதற்குள் மூடப்பட்டு, திரும்பி வரும்போது பக்கம் புதிதாகத் திறக்கும். கட்டணம் பாதியில் நின்றுவிடும். ஓடர் எண்ணுடன் மீண்டும் கட்டும் லிங்கைக் கடை உடனே குறுஞ்செய்தியில் அனுப்பினால் அந்த ஓடர் காப்பாற்றப்படும். ஸ்கேன் செய்து காசு கட்டும் லங்காகியூஆர் குறியைக் காட்டும் கடைகள், அதே போனின் திரையில் தோன்றும் குறியை அந்தப் போனாலேயே ஸ்கேன் செய்ய முடியாது என்பதை மறந்துவிடுகின்றன. படத்தைச் சேமிக்க ஒரு பட்டன் தேவை. கலரியிலிருந்து குறியை எடுக்கும் வசதி வங்கிச் செயலியில் இருந்தால்தான் அதுவும் உதவும்.

அறிக்கையைக் கொடுக்கும்போது பிழைகளை அழகுப்படி அடுக்காதீர்கள். ஓடரை நிறுத்தும் பிழைகள் முதலில், பிறகு முதல் படம், பிறகு சேர்வர், அதன் பின் அரட்டைப் பெட்டி, பொப்அப், நீக்கிய செயலிகள் விட்டுச்சென்ற ஸ்கிரிப்ட்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தப் பக்கம், எந்தப் போன், எத்தனை மணி, முன்பு எவ்வளவு என்று எழுதுங்கள். திருத்திய மறுநாளே பேஜ்ஸ்பீட்டின் மேல்பகுதி மாறவில்லை என்று கடைக்காரர் கேட்பார். அது 28 நாள் திரட்டு. முழு மாற்றமும் தெரிய அத்தனை நாள் செல்லும். அதுவரை அதே போனில், அதே நேரத்தில், அதே சாறிப் பக்கத்தைத் திறந்து ஒப்பிடுங்கள்.