தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டைகள்

தருமபுரியில் டெங்கு ஆய்வுத் திட்டத்திற்காக எங்கள் மாணவர் குழு தெருத்தெருவாகச் சென்றபோது, முதலில் சாக்கடைகளையே தேடினோம், அது தவறு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு, வீட்டில் சேமித்து வைக்கும் நல்ல தண்ணீரையே பெரிதும் நாடுகிறது. குழாயில் ஒகேனக்கல் குடிநீர் வரும் நாளில் பிடித்து வைத்த டிரம்களிலும், சிமெண்ட் தொட்டிகளிலும், முற்றத்து ஆட்டுக்கல் குழியிலும் புழுக்கள் நெளிந்தன.

தண்ணீரைக் கொட்டினால் போதும் என்று நம்பியிருந்த என்னை உலுக்கியது, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும் என்ற செய்திதான். முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களே ஆவதால், வாரந்தோறும் தொட்டியைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவச் சொன்னோம். தண்ணீருக்காகக் காத்திருக்கும் தாய்மாரிடம் அதைக் கொட்டச் சொல்ல மனம் வரவில்லை. ஆகவே டிரம்மின் வாயை இறுகக் கட்டப் பழைய வேட்டித் துணிகளையும் கொண்டுசென்றோம்.