ஒரு தெருவில் நுழைந்து மறு தெருவில் வெளியேறும் வீடுகள்

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கக் காரைக்குடிக்கு வருகிறவர்களில் பலர் ஒரு காரைப் பிடித்து, பிள்ளையார்பட்டி, ஆயிரம் ஜன்னல் வீடு, அரண்மனை என்று மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் பஸ்ஸோ ஆட்டோவோ போதும். ஊருக்குள் இறங்கிவிட்டால் நடக்கத்தான் வேண்டும்.

கானாடுகாத்தானில் வெயில் ஏறுமுன்பே நடக்கத் தொடங்கினேன். தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகின்றன. வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பக்கச் சுவரை ஒட்டியே நடந்தால்தான் அந்த நீளம் காலுக்கு உறைக்கிறது. அண்ணாந்தும் பார்க்க வேண்டும். வாசலுக்கு மேலே சுதையில் கஜலட்சுமி, கொஞ்சம் தள்ளித் துப்பாக்கி பிடித்த சிப்பாய், தொப்பி வைத்த வெள்ளைக்காரர். பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்யப் போன நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) பார்த்ததெல்லாம் கைப்பிடிச்சுவரில் ஏறி நிற்கிறது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனை 1912இல் கட்டியது. வெளியே நின்றுதான் பார்த்தேன், அதுவே கண்கொள்ளவில்லை.

உள்ளே விடுகிற வீடு ஒன்று கிடைத்தது. காவலுக்கு இருந்த பெரியவர் கையில் கொஞ்சம் பணம் கொடுத்தால் போதும். திண்ணையில் பர்மா தேக்குத் தூண்கள், இரு கையாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். சுவரில் கை வைத்தால் சில்லென்று இருக்கிறது. சிப்பிச் சுண்ணாம்பு, கடுக்காய்ச் சாறு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்து இழைத்துப் பூசிய பூச்சு அது. முகப்பு தாண்டினால் வளவு. நடுவே வானம் திறந்த முற்றம், சுற்றிலும் வரிசையாக அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை. எல்லாவற்றிலும் பூட்டு.

“எப்பவும் பூட்டியேதான் இருக்குமாய்யா?”

“பங்காளிக எல்லாம் சென்னை, சிங்கப்பூருன்னு இருக்காக தம்பி. கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தின்னா வந்துருவாக. அன்னிக்கு இங்க நிக்க இடம் இருக்காது.”

இத்தனை பேருக்குப் பங்கு இருப்பதால்தான் பல வீடுகள் இன்னும் நிற்கின்றன. பங்கு பிரிக்க முடியாமல் இடித்து விற்கப்பட்டவையும் உண்டு.

ஆத்தங்குடியில் பெரிய வீட்டைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது ஓடு போடும் பட்டறை. தரையில் பதிக்கிற கல்லைத்தான் இங்கே ஓடு என்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கியதும் பூ அப்படியே நிற்கிறது. மேலே உள்ளூர் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காயவிட்டு, தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சூளையே கிடையாது. கண்ணாடி கொடுத்த வழவழப்பு நடக்க நடக்கக் கூடும் என்றார் அச்சுப் பிடித்தவர். அவர் குழம்பு ஊற்றும்போது கை ஒருமுறைகூட நடுங்கவில்லை.

காரைக்குடியில் ஆயிரம் ஜன்னல் வீடு (1941) சீக்கிரம் முடிந்தது. முனீஸ்வரன் கோயில் தெருவில்தான் பொழுது போனது. பழைய பொருள் கடைகள். பீங்கான் பூச்சுத் தட்டு, மரப்பாச்சி, ரவிவர்மா படம், தேக்கு நிலை, ஏதோ ஒரு வீட்டின் முழுக் கதவு. அருங்காட்சியகத்தில் சீட்டு எழுதி வைத்திருப்பார்கள். இங்கே எந்த ஊர், யார் வீடு என்று கேட்டால் விலைதான் வருகிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. கதவுகள் இந்தத் தெருவில் இருக்கின்றன. பார்க்க ஆசையாகவும் இருந்தது, வாங்க மனசும் வரவில்லை.

போகிறவர்களுக்கு ஒன்று: மார்கழி, தை மாதங்களில் போங்கள், சித்திரை வெயிலில் இந்தத் தெருக்களில் நடக்க முடியாது. வீடுகளுக்குள் வெறுங்காலோடுதான் போகவேண்டும், கழற்ற எளிதான செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், சாயங்காலம் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் கிடைக்கிற கடையை முதலிலேயே விசாரித்து வையுங்கள். சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.