மருந்தா, வெறும் ஜெல்லா?

அக்குள் மிகைவியர்வைக்கான ஜெல் ஒன்றின் மருத்துவ ஆய்வில் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னதும், வீட்டில் சிலர் என்னைச் சோதனை எலி ஆக்கிவிட்டார்கள் என்று பதறினார்கள். மற்றவர்கள் இலவச வைத்தியம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள். பதறியவர்களைவிட மகிழ்ந்தவர்களுக்கு விளக்குவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

சென்னை வெயிலில் வியர்ப்பதை யாரும் நோய் என்று சொல்லமாட்டார்கள். எனக்கோ, பதின்பருவத்திலிருந்து, ஏசி ஓடும் வங்கிக் கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதும் இரண்டு அக்குளும் ஒன்றுபோல் நனையும். தூங்கும்போது மட்டும் நின்றுவிடும். தையற்காரர் என் ரவிக்கைகளுக்குக் கேட்காமலேயே அக்குளில் இரட்டை லைனிங் வைத்துவிடுவார். சாம்பல் நிறத் துணியை நான் எடுப்பதே இல்லை. தைராய்டு, சர்க்கரை போன்றவை காரணமல்ல என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்த பிறகே தோல் மருத்துவர் இதை முதன்மை மிகைவியர்வை என்று உறுதிசெய்தார். அலுமினியம் குளோரைடு கரைசல் எனக்கு எரிச்சலைத்தான் தந்தது. போட்டாக்ஸ் ஊசி நல்ல பலன் தரும் என்றாலும், அதைச் சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பப் போட்டுக்கொள்ள என் சம்பளம் இடங்கொடுக்கவில்லை.

வியர்வைச் சுரப்பியை நரம்பு முனைகள் அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளால் தூண்டுகின்றன. அது சுரப்பியில் போய்ச் சேரும் இடத்தை அடைத்துவிட்டால் வியர்வை குறையும். அமெரிக்காவில் 2018-இல் ஒப்புதல் பெற்ற கிளைகோபைரோனியம் துடைப்புத்துணியும், ஜப்பானில் 2020-இலும் அமெரிக்காவில் 2024-இலும் ஒப்புதல் பெற்ற சோஃப்பிரோனியம் ஜெல்லும் இந்த வழியில்தான் செயல்படுகின்றன. எங்கள் ஆய்வில் உள்ளதும் இதே வகை மருந்து. பக்கவிளைவாக வாய் உலரலாம், பார்வை மங்கலாம், சிறுநீர் எளிதில் பிரியாமல் போகலாம். பூசிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் கண்பாவை விரிந்துவிடும் என்பதால், கைகழுவுவதைப் பற்றிச் செவிலியர் எனக்குத் தனியாகவே பாடம் எடுத்தார்.

வியர்வையை இவர்கள் அளக்கும் விதம் எனக்குப் பிடித்திருந்தது. முன்பே எடைபோட்ட வடிதாளை, துடைத்து உலர்த்திய அக்குளில் வைத்து, கையை உடலோடு ஒட்டி ஐந்து நிமிடம் அமர்த்துகிறார்கள். பிறகு தாளை மூடியுள்ள குப்பியில் போட்டு, மில்லிகிராம் காட்டும் தராசில் மீண்டும் நிறுக்கிறார்கள். இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் ஒவ்வோர் அக்குளிலும் 50 மில்லிகிராமாவது சுரந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். அன்று வியர்வை போதாமல் போய்விடுமோ என்று நான் கவலைப்பட்டது வாழ்க்கையில் முதல் தடவை. எடையோடு, வியர்வை அன்றாட வேலையை எவ்வளவு கெடுக்கிறது என்பதற்கு ஒன்றிலிருந்து நான்குவரை நாமே மதிப்பெண் இடவும் வேண்டும்.

மகிழ்ந்தவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: என் குழாயில் இருப்பது மருந்தா, மருந்தில்லாத வெறும் ஜெல்லா என்பது எனக்கும் தெரியாது, அதைத் தரும் மருத்துவருக்கும் தெரியாது. வெறும் ஜெல் எதற்கு என்று கேட்டால், கிளைகோபைரோனியம் துணியை 697 பேரிடம் சோதித்த இரண்டு ஆய்வுகளைப் பார்க்கலாம். அவற்றில் மருந்தில்லாத துணியைப் பயன்படுத்தியவர்களிலும் கால் பங்குக்கு மேற்பட்டோர் வியர்வையின் கடுமை நன்றாகக் குறைந்ததாகப் பதிவுசெய்தார்கள். அந்தக் கால் பங்கைக் கழித்துப் பார்க்காமல் எந்த மருந்தையும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. பலன் கிடைத்தே தீர வேண்டும் என்று வருகிறவர், என் கருத்தில், ஆய்வில் சேராமல் சிகிச்சைக்குப் போவதே நல்லது.

பதறியவர்களுக்குச் சொல்லவும் சில செய்திகள் உண்டு. இந்தியாவில் மருத்துவ ஆய்வுகள் தேசியப் பதிவேட்டில் பதிவாக வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். பதிவெண்ணை வைத்து இணையத்தில் யாரும் சரிபார்க்கலாம், நானும் பார்த்தேன். ஆய்வினால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தரப்பட வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஒப்புதல் படிவத்தைத் தமிழிலேயே தந்து, வீட்டுக்கு எடுத்துச்சென்று படித்துவரச் சொன்னார்கள். காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வரியை அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே சமாதானமானார்.

ஒரு கேள்விக்குத்தான் எனக்குப் பிடித்த பதில் கிடைக்கவில்லை. ஜெல் பலன் தந்தால், ஆய்வு முடிந்த பிறகும் தருவீர்களா என்று கேட்டேன். அதற்கு உறுதி இல்லை, சந்தைக்கு வரும்வரை காத்திருக்க நேரலாம் என்று மருத்துவர் மழுப்பாமல் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டுதான் கையெழுத்திட்டேன்.